அவினாசி ரோட்டு அயல்நாட்டுக் கார்: ஒரு வரியியல் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

துறைமுகத்தில் வந்து இறங்கும்போது 50 லட்ச ரூபாய் மதிப்புள்ள ஒரு காரை, திருப்பூர் ஏற்றுமதியாளர் ஒருவர் ஏறத்தாழ 1 கோடியே 76 லட்சம் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார். செக்கில் போட்ட கையெழுத்தின் மை காய்வதற்குள் நூல்காரருக்குப் போன் போட்டு, கிலோவுக்கு 2 ரூபாய் குறைக்கச் சொல்லி முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டுகிறார். முதல் காரியத்தில் அவர் பேரம் பேசவே இல்லை. இரண்டாவதில் பேசியது போதவில்லை என்று இரவெல்லாம் வருந்துகிறார். இரண்டையும் செய்தவர் ஒரே ஆள். அதுவும் ஒரே நாளில்.

வெளியூர்க்காரர்கள் இதற்கு 'ஆடம்பரம்' என்று ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். கள ஆய்வில் அது நிற்கவில்லை. சம்பந்தப்பட்டவர் உடுத்தியிருப்பது ஏற்றுமதியில் கழிந்து தங்கிய சட்டை. மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து டிபன் கேரியரில் வருகிறது. கார் வந்து மாதங்கள் ஆன பின்னும் பின்சீட்டின் பிளாஸ்டிக் உறை கிழிக்கப்படவில்லை. ஆடம்பரக்காரரின் இலக்கணம் இதுவல்ல. ஆகவே, அந்தக் கார் வேறு ஏதோ வேலைக்காக வாங்கப்படுகிறது என்று கருத இடமிருக்கிறது. அந்த வேலை என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முன்வரலாறு

தமிழகத்தில் ஊர்தியின் விலைக்கும் கொடைக்கும் உள்ள தொடர்பு பறம்புமலையில் தொடங்குகிறது. முல்லைக்கொடி பற்றிப் படரக் கொழுகொம்பு இல்லையென்று பாரி தன் தேரை நிறுத்திவிட்டு நடந்து போனான். இதை உரையாசிரியர்கள் கொடைமடம் என்றார்கள். வரியியல் நோக்கில் பார்த்தால் இது ஒரு முக்கியமான தரவு: அது உள்நாட்டுத் தயாரிப்பு. சுங்கமும் சாலை வரியும் கட்டி இறக்கிய தேராக இருந்திருந்தால், பாரி ஒரு மூங்கில் குச்சியை நட்டுவிட்டு அதே தேரில் ஊர் திரும்பியிருப்பான்.

திருப்பூர் இருக்கும் நொய்யல் கரைக்கு இறக்குமதி வரி புதிய செய்தியும் அல்ல. கொடுமணலும் படியூரும் ரோமானிய வணிகத்தோடு தொடர்புடைய ஊர்கள். படியூரின் நீலப்பச்சைக் கல்லுக்கு மேற்கே மதிப்பு இருந்தது. வியன்னாவில் பாதுகாக்கப்படும் முசிறிப் பாப்பிரஸ், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஹெர்மப்பொல்லோன் என்ற கப்பலில் முசிறியிலிருந்து போன சரக்கின் கணக்கைச் சொல்கிறது. அந்தச் சரக்குக்கு ரோம அரசு போட்ட வரி 25%. 2025 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்குக்குப் போட்ட கூடுதல் வரியும் 25%. ரோமர்கள் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் அதே மாதம் 27ஆம் தேதி அதை 50% ஆக்கினார்கள். பேரரசுகளைத் தரவரிசைப்படுத்த விரும்புகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இக்கால வரலாறு சுருக்கமானது. திருப்பூர் தன் பனியனை வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கியது 1970களின் கடைசியில். வெரோனா என்ற இத்தாலியர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-ஷர்ட் தேடி 1978இல் வந்தார் என்பதே ஊரின் தொடக்கக் கதை. அப்போது ஒரு முதலாளி எவ்வளவு சம்பாதித்தாலும் அவருக்குக் கிடைத்தது அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும்தான். உரிமம் இல்லாமல் வெளிநாட்டுக் கார் இறக்க முடியாது. தூதரகத்தார் ஓட்டிக் களைத்துவிட்ட கார்களை அரசின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் விற்கும். அதை எடுக்கச் சிலர் டெல்லி வரை போனார்கள். 2001 ஏப்ரல் 1 அன்று இறக்குமதிக்கான அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கின. அதற்குமுன் கார் வராமல் சட்டம் பார்த்துக்கொண்டது. அதன்பின் அந்தப் பொறுப்பை வரி ஏற்றுக்கொண்டது. இன்று ஊரின் ஏற்றுமதி ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். வரியால் தடுக்க முடியாத ஆட்களின் எண்ணிக்கை கூடிவிட்டது.

வகைப்பாடு

அவினாசி ரோட்டில் ஓடும் அயல்நாட்டுக் கார்களை மூன்று இனங்களாகப் பிரிக்கலாம்.

முதல் இனம், முழுதாகக் கப்பலேறி வருவது. இங்கிலாந்தின் குட்வுட்டில் பிறந்த ரோல்ஸ் ராய்ஸ், ஸ்டுட்கார்ட்டின் சூஃபன்ஹவுசனில் பிறந்த போர்ஷே 911, ஜப்பானில் பிறந்த லேண்ட் குரூசர் இந்த இனம். ஊர் வழக்கில் இதற்கு 'புல் இம்போர்ட்டட்' என்று பெயர். இந்த இரண்டு சொல்லையும் உச்சரிக்கும்போது குரல் ஒரு படி தாழ்வது கவனிக்கத்தக்கது. தங்கத்தின் விலையைச் சொல்லும்போதும் குரல் இப்படித்தான் தாழும்.

இரண்டாம் இனம், பெயரால் ஜெர்மானியர், பிறப்பால் உள்ளூர்க்காரர். பிஎம்டபிள்யூவின் சென்னை ஆலை 2007இல் மறைமலை நகர்ப் பக்கம் திறக்கப்பட்டது. மெர்சிடிஸ் புனே அருகே சாக்கனிலும், ஆடி சத்ரபதி சம்பாஜிநகரிலும் பூட்டப்படுகின்றன. பாகங்களாகப் பெட்டியில் வந்தால் சுங்க வரி 15%. பூட்டி முழுக் காராக வந்தால் அதன் ஏழு மடங்கு. ஆக, திருப்பூரில் 'ஃபாரின் வண்டி' என்று வணங்கப்படுவனவற்றில் பெரும்பகுதி செங்கல்பட்டுக் காற்றையோ புனேக் காற்றையோ குடித்து வளர்ந்தவை. 2024 மே மாதம் ரேஞ்ச் ரோவரும் இந்த இனத்துக்கு மாறப்போகிறது என்ற அறிவிப்பு வந்தது. புனேயில் பூட்டத் தொடங்கியதும் விலை சுமார் 20% இறங்கியது. அதற்கு முந்தைய மாதம் வாங்கியவர்களின் மனநிலை தனி ஆய்வுக்கு உரியது. அதை நேரில் கேட்டறியும் துணிச்சல் ஆய்வாளருக்கு இல்லை.

மூன்றாம் இனம், வெளிநாட்டில் ஓடிய பழைய கார். சட்டப்படி அது 3 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், வேகம் கிலோமீட்டரில் காட்ட வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தால் அதற்கான வெகுமதி புதிய காருக்குப் போடுவதைவிட அதிக வரி: சுங்கமும் மேல்வரியும் சேர்த்து 137.5%. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ பத்தாண்டு உழைத்துவிட்டு, ஓட்டிப் பழகிய வண்டியையே ஊருக்குக் கொண்டுவரலாம் என்று நினைக்கிற கொங்கு நாட்டுக்காரர் இந்த எண்ணைப் பார்த்ததும் வண்டியை அங்கேயே விற்றுவிட்டு விமானத்தில் வருகிறார். இந்த இனத்துக்கு ஒரு மலைவழியும் இருந்திருக்கிறது. பூடானில் ஏலம்போன பழைய வண்டிகள் போலி ஆவணங்களோடு உள்ளே வந்தன என்று சொல்லி, 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத்துறை 'ஆபரேஷன் நும்கூர்' என்ற பெயரில் கேரளத்தில் பல இடங்களில் சோதனை போட்டது. இதன் பின்னால் இருப்பது கோவையை மையமாகக் கொண்ட ஒரு குழு என்றும் அத்துறை கூறியது. இமயத்துக்கும் கொங்குக்கும் உள்ள தொடர்பைக் கல்வெட்டுகளில் தேடியவர்கள் இனி ஆர்.சி. புத்தகங்களிலும் தேடலாம்.

கணக்கு

இனி முதல் இனத்தின் கணக்கு. 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள பெட்ரோல் கார் ஒன்று, கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்ந்து 50 லட்சத்துக்குச் சென்னையில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

2025 பட்ஜெட் வரை அதற்கு அடிப்படைச் சுங்க வரி 100%, அதன்மேல் சமூகநல மேல்வரி, ஆக 110%. அந்தப் பட்ஜெட்டில் அடிப்படை வரி 70% ஆகக் குறைக்கப்பட்டது என்று செய்தி வந்ததும் திருப்பூரில் சில வீடுகளில் பேச்சு எழுந்தது. மறுநாள் விவரம் வந்தது: 40% வேளாண் உள்கட்டமைப்பு மேல்வரி சேர்கிறது, மொத்தம் அதே 110%. ஒரு போர்ஷே வாங்குகிறவர் இந்திய வேளாண்மைக்கு இவ்வளவு நேரடியாக உதவ முடியும் என்பது பல்லடம் பக்கத்து விவசாயிகளுக்கு இன்னும் தெரிவிக்கப்படவில்லை.

ஆக, 50 லட்சத்தின் மேல் 55 லட்சம். கூட்டினால் 1 கோடியே 5 லட்சம். இதன்மேல் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40%, அதாவது 42 லட்சம். சேர்த்தால் 1 கோடியே 47 லட்சம். அடுத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாட்டில் 2023 முதல் ஆயுள்கால வரி 20%. அது 29 லட்சத்து 40 ஆயிரம். மொத்தம் 1 கோடியே 76 லட்சத்து 40 ஆயிரம். இதில் கார் 50 லட்சம், வரி 1 கோடியே 26 லட்சத்து 40 ஆயிரம். ஷோரூம் லாபம், இன்சூரன்ஸ், டிஎன் 39இலோ டிஎன் 42இலோ ஒற்றை எண் பிடிக்கக் கட்டும் பணம், எலுமிச்சம்பழம் இவற்றைச் சேர்க்கவில்லை.

கவனிக்க: இங்கே வரி மேல் வரி விழுகிறது. சுங்க வரிக்கும் ஜிஎஸ்டி உண்டு. அந்த ஜிஎஸ்டிக்கும் சாலை வரி உண்டு. ஒரு கார் வாங்குகிறவர், தானறியாமல், அரசுக்கு இரண்டரைக் கார் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்.

ரூபாயில் சொன்னால் திருப்பூருக்கு எதுவும் உறைக்காது. ஊரின் இயல்பான அளவை 'பீஸ்'. எல்லாச் செலவும் போக ஒரு டி-ஷர்ட்டில் 10 ரூபாய் நிற்கிறது என்று எடுத்துக்கொண்டால், மேற்படி காரின் விலை 17 லட்சத்து 64 ஆயிரம் பீஸ். அவற்றில் 5 லட்சம் பீஸ் காருக்கு. 12 லட்சத்து 64 ஆயிரம் பீஸ் வரிக்கு. இத்தனையையும் கட்டிங் மாஸ்டர் வெட்டி, பவர் டேபிளில் ஓவர்லாக் அடித்து, பேட்லாக் அடித்து, செக்கிங்கில் நூல் பிசிறு வெட்டி, அயர்ன் போட்டு, பாலிபேக்கில் திணித்துத் தூத்துக்குடிக்கு அனுப்பியிருக்க வேண்டும். பத்துக்கு ஏழு பீஸ் வரிக்கே தைக்கப்பட்டது என்ற செய்தி லைனில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமலிருப்பது உற்பத்திக்கு நல்லது.

திரும்பாத வரி

இந்த எண்களின் முழுப் பொருளும் விளங்க வேண்டுமானால், ஓர் ஏற்றுமதியாளர் வரியோடு எப்படிப்பட்ட உறவில் வாழ்கிறவர் என்பதை அறிய வேண்டும். அவருடைய உலகத்தில் வரி என்பது போய்த் திரும்பி வருவது. நூலுக்குக் கட்டிய ஜிஎஸ்டி ரீபண்டாக வருகிறது. சுங்கம் டிராபேக்காக வருகிறது. வராவிட்டால் சங்கத்தில் பேசி, டெல்லிக்கு மனுக் கொடுத்து வரவைக்கப்படுகிறது.

எந்திரத்துக்கும் இதே கதைதான். ஜெர்மனியின் ஆல்ப்ஸ்டாட்டில் உள்ள 'மேயர்' என்ற நிறுவனத்தின் வட்டப் பின்னல் எந்திரம் ஏற்றுமதி ஊக்கத் திட்டத்தில் வந்தால் சுங்க வரி பூஜ்யம். மிச்சமான வரியைப் போல 6 மடங்கு மதிப்புக்கு 6 ஆண்டுகளில் ஏற்றுமதி செய்து காட்டினால் போதும். ஆல்ப்ஸ்டாட்டும் போர்ஷேயின் ஸ்டுட்கார்ட்டும் ஒரே மாநிலம், பாடன்-வுர்ட்டெம்பர்க். ஒரே மண்ணின் இரும்பு. ஒன்று சுற்றிக்கொண்டே நின்ற இடத்தில் நிற்கிறது, வரி இல்லை. இன்னொன்று நகர்ந்துவிடுகிறது, 110%.

காருக்குக் கட்டியது திரும்பி வராது. சொந்தக் காருக்கான ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக எடுக்கச் சட்டம் விடுவதில்லை. 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஷோரூமில் பிடிக்கும் 1% வருமான வரி மட்டும் பின்னர் கணக்கில் கழியும். ஆடிட்டர் அதைச் சொல்லும்போது முதலாளியின் முகத்தில் ஒரு கணம் பழைய நம்பிக்கை தெரியும்.

இங்கேதான் ஆய்வின் முக்கியத் தரவு வருகிறது. 2021 பட்ஜெட்டில் வெளிநாட்டுப் பஞ்சுக்கு 11% இறக்குமதி வரி வந்தது. தொழிலே போச்சு என்று திருப்பூர் கொதித்தது. மனு மேல் மனு போனது. நூல் விலை ஏறியதைக் கண்டித்து 2022 மே 16, 17 இரண்டு நாளும் ஊரே கம்பெனிகளைப் பூட்டியது. அந்த 11% வரி 2022இலும், மறுபடி 2025 ஆகஸ்ட் 19 முதல் ஆண்டு முடியும் வரையிலும் விலக்கப்பட்டது. பஞ்சின் வரியைப் போல பத்து மடங்கு காருக்கு இருக்கிறது. அதை எதிர்த்து ஒரு கதவடைப்பு இல்லை. ஒரு தீர்மானம் இல்லை. குமரன் சிலை முன்னால் ஒரு கறுப்புக்கொடி இல்லை.

தனக்குப் பாதகமான ஒரு வரியைத் திருப்பூர் பேசாமல் கட்டியதாக வரலாறு இல்லை. ஆகவே, அந்த வரி பாதகமானது அல்ல.

இருவர் பார்வைக் கோட்பாடு

காரின் பார்வையாளர் யார் என்பதில் தொடங்க வேண்டும். அண்டை வீட்டுக்காரர் அல்ல. அவரிடமும் ஒன்று நிற்கிறது. உறவினரும் அல்ல, அவர்கள் எப்படியும் குறைதான் சொல்வார்கள். தொழிலைத் தாங்குகிறவர்கள் இருவர்: சரக்கைக் கடனுக்குக் கொடுக்கும் நூல்காரர், சரக்கை விலைக்கு வாங்கும் பையர். ஒருவர் முன்னே நிற்பவர், ஒருவர் பின்னே நிற்பவர். நடுவே முதலாளி.

நூல்காரருக்கு பேலன்ஸ் ஷீட்டில் பெரிய நம்பிக்கை கிடையாது. அதைத் தயாரித்த ஆடிட்டரை அவருக்கும் தெரியும். அவர் பார்ப்பது கம்பெனி வாசலை. அங்கே நடக்கும் உரையாடல் ஏறத்தாழ மாறாத வடிவம் உடையது.

"வண்டி புதுசாட்ட இருக்குதுங்க?"

"அட, பையன் ஒரே புடியா நின்னுட்டானுங்க. எனக்கு அந்த இனோவாவே போதும்."

"புல் இம்போர்ட்டடுங்களா?"

"ஆமாங்க. வரியே ஒண்ணே கால் கோடி ஆயிப்போச்சுங்க."

இதில் மூன்று நுட்பங்கள். பொறுப்பு பையன் தலையில் வைக்கப்படுகிறது. இதனால் தகப்பனின் சிக்கனத்தின் மேல் உள்ள மதிப்பு குறைவதில்லை. இனோவாவைச் சொல்வதால் அடக்கமும் பதிவாகிறது. மூன்றாவதே முதன்மையானது: அவர் காரின் விலையைச் சொல்லவில்லை, வரியைச் சொல்கிறார். விலை கொடுத்தவனிடம் கார் இருக்கும், விற்றால் பாதியாவது வரும். வரி கொடுத்தவனிடம் ஒன்றும் இருக்காது. ஒன்றேகால் கோடியைத் திரும்பி வராத இடத்தில் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் வழக்கம்போல டீ குடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு 30 நாள் கடனை 45 ஆக்கலாம் என்று நூல்காரர் மனதுக்குள் ஒரு முடிவுக்கு வருகிறார். வங்கியில் இதற்கு ஈடு, ஜாமீன், மதிப்பீட்டாளர் என்று ஆயிரம் சடங்கு உண்டு. இங்கே நான்கு பேச்சில் முடிந்துவிடுகிறது.

பையர் வரும் நாளில் எல்லாம் தலைகீழ். ஐரோப்பியப் பையரிடம் ஒரு காஸ்டிங் ஷீட் இருக்கிறது: நூல் இவ்வளவு, நிட்டிங் இவ்வளவு, டையிங் இவ்வளவு, தையல் இவ்வளவு, லாபம் இவ்வளவு. வாசலில் போர்ஷே நின்றால் கடைசி வரியில் 5 சென்ட் குறைப்பார். ஆகவே, கோவை விமான நிலையத்துக்கு இனோவா போகிறது. முதல்நாள் மாலையே மெர்ச்சண்டைசர் வாட்ச்மேனுக்குச் சொல்லிவிடுகிறார்: "பெரிய வண்டிய பின்னாடி ஷெட்டுல விட்ருங்கண்ணா." கட்டிங் செக்‌ஷனுக்குப் பின்னால், ஷேடு மாறிப்போய்க் கழிந்த சிங்கிள் ஜெர்சித் துணியில் கம்பெனியிலேயே தைத்த உறைக்குள் அது இரண்டு நாள் உறங்குகிறது. உறையின் ஓரம் முழுக்க ஓவர்லாக். சைடு மிரர் இரண்டுக்கும் தனித்தனியாகக் கைவைத்துத் தைத்திருக்கிறது. எஸ், எம், எல் எல்லாம் இதற்கு இல்லை, ஒரே சைஸ்.

ஒருவருக்குக் காட்டவும் ஒருவருக்கு மறைக்கவும் தகுந்த, சக்கரம் வைத்த, ஒன்றேகால் கோடி மதிப்புள்ள நாணயச் சான்றிதழ் என்று அந்தக் காரை வரையறுக்கலாம். அது ஓடும் என்பது கூடுதல் வசதி. அந்த வசதியும் திருப்பூருக்குள் அதிகம் பயன்படுவதில்லை. புஷ்பா தியேட்டர் சந்திப்பில் முன்னால் பனியன் மூட்டை ஏற்றிய லோடு ஆட்டோ, பின்னால் டவுன் பஸ். மூன்றாம் கியரைப் பார்க்க வேண்டுமானால் கோவைக்குப் போக வேண்டும். 2025 அக்டோபரில் அங்கே திறந்த 10 கிலோமீட்டர் ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் ஓட்டிவிட்டுத் திரும்பலாம். மேம்பாலம் நிற்கும் அந்தச் சாலைக்கும் அவினாசி ரோடு என்றே பெயர்.

அயலக ஒப்பீடு

கோட்பாட்டைப் பிற நாடுகளில் வைத்துச் சோதிப்பது முறை.

சிங்கப்பூரில் காரைவிடக் காரை வைத்திருக்கும் உரிமைக்குத்தான் விலை. 1990 முதல் நடக்கும் ஏலத்தில் எடுக்கும் அந்த உரிமைச் சான்று 10 ஆண்டுக்குச் செல்லும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்று 1,50,001 வெள்ளியைத் தொட்டது. அந்தக் கடைசி 1 வெள்ளியில் ஏலத்தை இழந்தவரின் மனம் ஆய்வுக்குரியது. இதற்குமேல் கூடுதல் பதிவுக் கட்டணம். சந்தை மதிப்பு 80,000 வெள்ளியைத் தாண்டும் பகுதிக்கு அது 320%. இதன் முன்னால் திருப்பூரின் 110% குழந்தை. ஆனால் அங்கே ஏல முடிவு மாதம் இருமுறை ஊரறிய வெளியாகிறது. எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதில் மர்மம் இல்லை. மர்மம் இல்லாத வரி கடன் நாளை நீட்டாது. அங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் எம்ஆர்டி ரயிலில் போகிறார்கள். அவர்களுடைய நாணயத்தை வங்கி வேறு வழியில் தெரிந்துகொள்கிறது.

இலங்கையில் அந்நியச் செலாவணி தீர்ந்துவரும் பயத்தில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பிப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டில் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பழைய காரை வாங்கிய விலையைவிட அதிகத்துக்கு விற்றவர்கள் உண்டு. கார் அங்கே சான்றிதழாக இருந்தது போய் வைப்பு நிதியாகிவிட்டது. திருப்பூர்க்காரர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுகிறார்கள்.

ஜெர்மனியில்தான் கோட்பாட்டுக்குப் பலத்த அடி. ஆர்டர் பேச பிராங்க்பர்ட்டில் இறங்கும் ஏற்றுமதியாளர் டாக்சி வரிசைக்கு வருகிறார். வரிசையில் தந்த நிறத்தில் மெர்சிடிஸ் ஈ-கிளாஸ் கார்கள். ஊரில் ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைத்த அதே மாடல். ஓட்டுநர் முன்சீட்டில் ரொட்டியும் நாளிதழும் வைத்திருக்கிறார். மறுநாள் பேச்சுவார்த்தைக்குப் பையர் சைக்கிளில் வருகிறார். இதை ஏற்றுமதியாளர் ஊர் திரும்பி யாரிடமும் சொல்வதில்லை, குறிப்பாக நூல்காரரிடம்.

நீதிமன்றச் சான்று

காரின் இறக்குமதி எங்கே முடிகிறது என்பது தத்துவக் கேள்வி மட்டுமல்ல, வழக்கும்கூட. துறைமுகத்திலா, வீட்டு வாசலிலா? 1990இல் தமிழ்நாடு கொண்டுவந்த வாகன நுழைவு வரிச் சட்டம் வாசலில் என்றது. கடலில் கட்டியவன் கரையில் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டவர்கள் நாடெங்கும் நீதிமன்றம் போனார்கள். ஃபாதர் வில்லியம் பெர்னாண்டஸ் என்ற பெயரில் கேரளத்தில் தொடங்கிய வழக்கில், வெளிநாட்டுச் சரக்குக்கும் நுழைவு வரி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்த்தது. அதற்குச் சில மாதம் முன்பே ஜிஎஸ்டி வந்து நுழைவு வரியை விழுங்கியிருந்தது.

தமிழர் கவனத்துக்கு வந்தது நடிகர்களின் வழக்கு. விஜய் 2012இல் இங்கிலாந்திலிருந்து இறக்கிய ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட்டுக்கு நுழைவு வரி விலக்குக் கேட்டிருந்தார். 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம் மனுவைத் தள்ளி, 1 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்து, சில கடுமையான கருத்துகளும் சொன்னார். அந்தக் கருத்துகளை 2022 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கியது. 2021 ஆகஸ்ட்டில் தனுஷின் ரோல்ஸ் ராய்ஸ் வழக்கும் அதே நீதிபதி முன் வந்தது. இந்த வழக்குகளால் ஊருக்குக் கிடைத்த பாடம் ஒன்றுதான்: நடிகருக்குக் கார் சான்றிதழ் அல்ல, அவரிடம் வேறு சான்றிதழ்கள் இருக்கின்றன. அதனால்தான் அவர் வரி விலக்குக் கேட்டார். திருப்பூர்க்காரர் கேட்டிருக்க மாட்டார். விலக்குக் கிடைத்துவிட்டால் நூல்காரரிடம் என்ன சொல்வது?

வரப்போகும் ஆபத்து

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2026 ஜனவரி 27 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தோடும் பேச்சு முடிந்ததாக அறிவிப்பு வந்தது. இரண்டிலும் சாரம் ஒன்றே. நம் ஆயத்த ஆடைக்கு அவர்கள் போடும் 12% வரையிலான வரி பூஜ்யமாகும். அவர்கள் காருக்கு நாம் போடும் 110%, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள், படிப்படியாக 10% வரை இறங்கும். வெளியுறவு நிபுணர்கள் இதை எப்படி வேண்டுமானாலும் வர்ணிக்கட்டும். காதர்பேட்டை பனியன் சந்தையின் மொழியில் இது பனியனுக்குக் கார் மாற்று.

பனியன் பக்கம் ஊருக்குக் கொண்டாட்டம். பங்களாதேஷ் இவ்வளவு காலமும் வரியின்றி அனுப்பிக்கொண்டிருந்த சந்தையில் சம நிலை. ஆனால் கார் பக்கத்தை யாரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. அதே 50 லட்சம் கார் 10% சுங்கத்தில் வந்தால்: சுங்கம் 5 லட்சம், ஜிஎஸ்டி 22 லட்சம், சாலை வரி 15 லட்சத்து 40 ஆயிரம். மொத்தம் 92 லட்சத்து 40 ஆயிரம். வரி மட்டும் 42 லட்சத்து 40 ஆயிரம். பழைய வரியில் மூன்றில் ஒரு பங்கு. ஒன்றேகால் கோடி வரிக்கு 15 நாள் கூடுதல் கடன் கிடைத்தது என்றால், புதிய விகிதத்தில் 5 நாள்தான் கிடைக்கும். கார் பத்து நாள் மதிப்பை இழக்கிறது. இந்த இழப்புக்கு எந்த ஒப்பந்தத்திலும் ஈடு சொல்லப்படவில்லை.

ஏற்கெனவே முழு வரி கட்டி வாங்கி வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். பக்கத்துக் கம்பெனி வாசலில் அதே கார், அதே நிறம், பாதி விலையில் வந்து நிற்கும். பழையதில் 'இது 110 சதவீதம் கட்டியது' என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாமா என்பதை மோட்டார் வாகனச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை.

மேலாய்வுக்குரியவை

ஒன்று: ஒப்பந்த எண்ணிக்கைக்குள் வரும் கார்களில் ஊருக்கு எத்தனை கிடைக்கும், அவை அவினாசி ரோட்டுக்கும் பி.என். ரோட்டுக்கும் எந்த விகிதத்தில் பிரியும் என்பது.

இரண்டு: ஜெர்சி உறைக்கு வேண்டிய துணியின் ஜிஎஸ்எம். தற்போது கையில் கிடைத்ததைத் தைக்கிறார்கள், தரநிர்ணயம் இல்லை.

மூன்று: மாற்றுச் சான்றிதழ். காரின் இடத்தைப் பிடிக்கத் தகுந்த பொருள் ஒன்று மாவட்டத்திலேயே உயரமாக நிற்கிறது. உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கங்களில் பனியன் கம்பெனிகளுக்குச் சொந்தமான காற்றாலைகள் பல. விலை கோடிகளில். தேய்மானக் கணக்கு உண்டு, மின்கட்டணமும் குறையும். நூல்காரர் பல்லடம் ரோட்டில் வரும்போதே தொலைவில் பார்த்துவிடுவார். இதைவிடப் பெரிய நன்மை, இதைப் பையருக்கு மறைக்க வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் தணிக்கை கேட்கும் ஐரோப்பியர் அதன் அடியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். 5 சென்ட் குறைக்க மாட்டார். இருவர் பார்வைக்கும் ஒருசேரப் பொருந்தும் ஒரே சொத்து இதுதான். இதுவரை ஒரே ஓர் ஆட்சேபணை பதிவாகியிருக்கிறது: காங்கயத்தில் மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்கு அதில் போய் இறங்க முடியாது.